விலாங்குத் தொட்டியும் மச்சான் கடையும்

இனி எவனிடமும் கைகட்டி வேலை பார்ப்பதில்லை. துபாயில் பெட்டி கட்டும்போதே இந்தச் சபதத்தை எடுத்துவிட்டேன். ஆனால் நான் நீடாமங்கலம் வந்து இறங்குவதற்குள் என் மனைவி ஆசியா எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். நன்னிலத்தில் அவளுடைய அண்ணன் ஜாஃபர் சாதிக் நடத்தும் பம்புசெட் கடை. அந்தக் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் மச்சான் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் நின்றபடியே அவர் பெருமைக்குத் தலையாட்ட வேண்டும்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. எங்கள் குடும்பங்களில் வீட்டைப் பெண் பேரில் எழுதிவைப்பதுதான் வழக்கம். சண்டை வந்தால் தெருவில் நிற்கப் போவது நான்தான்.

ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். வெண்ணாற்றில் வலை போடும் பகலவனிடம் விலாங்கு மீன்களை வாங்கி, கொல்லைப்புறத்து சிமெண்ட் தொட்டியில் விட்டேன். இது பெரிய தொழில், எந்நேரமும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் கெட்டால் எல்லாம் செத்துவிடும் என்று ஆசியாவிடம் அறிவித்தேன்.

குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள்.

"தண்ணி எப்படிங்க கெடும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதற்கும் விளக்கம் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்க்க வேண்டும் என்றேன். விலாங்கு தொட்டியில் முட்டையிடாது, அதற்குக் கடலுக்குத்தான் போகும் என்றேன். மழை பெய்தால் ஈரப்புல்லில் ஊர்ந்தே வாய்க்காலுக்குத் தப்பிவிடும், கொசுவலை கட்ட வேண்டும் என்றேன். தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. அவள் தலையாட்டத் தலையாட்ட நான் பேராசிரியராகிக்கொண்டே போனேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால், தொட்டிமேல் கொசுவலை இறுக்கமாகக் கட்டியிருந்தது. சோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஆசியா.

"தண்ணி நல்லாருக்கு. நாளைலேருந்து நீங்க கடைக்கு வர்றதா அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப தொட்டி?"

"நான் பாத்துக்கறேன். அதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டீங்களே."

தொட்டியை எட்டிப் பார்த்தேன். ஒரு விலாங்காவது செத்து என்னைக் காப்பாற்றக் கூடாதா? எல்லாம் கொழுகொழுவென்று திரிந்தன. மழைக்காவது தப்பி ஓடட்டும் என்று வானத்தைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. என் வாழ்க்கை முடிந்தது. மீதி ஆயுசு முழுக்க மச்சானின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

கையில் மிச்சமிருந்த ஒரே சீட்டையும் இறக்கினேன். "தண்ணில பிராணவாயு எப்ப ரொம்பக் குறையும், சொல்லு?"

"விடியக்காலைல. பாசி ராத்திரி பூரா இழுத்துக்கும்னு சொன்னீங்க."

"அந்த நேரத்துல நீ தொழுகை, சமையல், பிள்ளைங்க டிபன்னு ஓடிக்கிட்டு இருப்ப. அப்பத் தொட்டிகிட்ட விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணுமா, வேணாமா?"

மடக்கிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கண்டிப்பா வேணுங்க. நீங்கதான் இருக்கீங்களே. அண்ணன் கடை ஒம்பது மணிக்குத்தானே தொறக்குது."