வதனி லீசிங் கம்பனி

மோட்டார் சைக்கிள் எடுக்கிறது எண்டு முடிவெடுத்தன். பொஞ்சாதி வதனியிட்டக் கேட்டு இல்ல. சொல்லி. பதினாறு வருசமா அவள்ட ஸ்கூட்டியில பின்னுக்கு இரிந்து வாழைச்சேனைக் கந்தோருக்கு வேலைக்குப் போறன். மனிசி இறக்கி விட, கந்தோரே சிரிக்கும். இனி ஏலாது.

லீசிங் கம்பனி ரதீஸ் எங்கட வீட்ட வந்தான். கணக்கை நானே விளங்கப்படுத்தினன். கந்தோரில கணக்குக் கிளாக்கர் எல்லோ!

"முற்பணம் என்ர சேமிப்பு. மிச்சம் நாலு லெச்சம் லீசிங் கடன். வருசம் பன்னிரண்டு வீதம். நாலு வருசத்துக்கு வட்டி ஒரு லெச்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். முதலோட கூட்டி நாற்பத்தெட்டு மாசத்தால பிரி. மாசம் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்துமூண்டு. விளங்கிச்சா?"

வதனி மீன் வெட்டினபடி கேட்டாள்.

"மாசாமாசம் முதலும் குறையும்தானே?"

"ஓம்."

"கடைசி வருசம் முக்காவாசி முதல் கட்டி முடிஞ்சிரிக்கும். அப்பவும் என்னத்துக்கு நாலு லெச்சத்துக்கு வட்டி?"

நான் ரதீஸைப் பார்த்தன். ரதீஸ் தேத்தண்ணியைப் பார்த்தான்.

வதனி கையைக் கழுவிப் போனில கணக்குத் தட்டினாள்.

"எனக்குச் சீட்டு விழுந்த காசு இரிக்கு. நாலு லெச்சமும் நான் தாறன். அதே பன்னிரண்டு வீதம். மிச்ச முதலுக்கு மட்டும் வட்டி. மாசம் பத்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்துநாலு."

மாசம் ஆயிரத்து எண்ணூறு ரூபா லாபம்! ரதீஸ் பாதித் தேத்தண்ணியோட எழும்பிப் போயிற்றான்.

எண்டாலும் எல்லாம் முறைப்படி இரிக்கோணும். அவன் விட்டுட்டுப் போன படிவத்தைப் பார்த்து நானே ஒப்பந்தம் எழுதினன். கம்பனிப் பேரை எடுத்துப்போட்டு வதனிட பேரைப் போட்டன். கடைசித் தவணை கட்டும் வரைக்கும் வாகனம் காசு தந்தவருக்குச் சொந்தம். ஒரு தவணை பிந்தினாலும் பறிமுதல். பறிச்சதை ஏலத்தில விக்கலாம். ஒண்டும் விடல்ல.

"எவ்வளவு வடிவா எழுதிறீங்க!" எண்டாள். உச்சி குளிர்ந்து ஒப்பம் வைச்சன்.

ரெண்டு மாசம் புது மோட்டார் சைக்கிள்ல கந்தோர் வாசல்ல ராசா மாதிரி வந்து இறங்கினன். மூண்டாம் மாசம் சம்பள நாளண்டு வதனி வீட்டு வாசல்ல நிண்டாள்.

"இஞ்சேருங்க, அரிசி மூட்டை வந்திரிக்கு. கரண்ட் பில்லும் வந்திரிக்கு. சீட்டுக்குப் பதினையாயிரம். சீட்டுப் பிடிக்கிற பொண்டுகள் காத்து நிக்கிறாங்க."

எண்ணிக் குடுத்தன். பொக்கற்றில முந்நூறு ரூபா மிஞ்சிச்சு.

அடுத்த நாள் விடிய கையை நீட்டினாள்.

"லீசிங் காசு?"

"நேத்துத்தானேடி எல்லாத்தையும் வாங்கினாய்!"

"அது சீட்டு. இது லீசிங். வேற வேற கணக்கு. கிளாக்கருக்குத் தெரியாதா?"

ஒப்பந்தத்தை வாசிச்சுக் காட்டினாள். என்ர கையெழுத்து. சாவியைக் குடுத்தன்.

ஞாயிற்றுக்கிழமை ஏலமாம். நானும் கேக்கலாமாம். கையில காசு போதாட்டி, அவளே லீசிங் தாறாளாம்.