கோல் விழாத ஆண்டு

நெடுவயல் நாட்டில் போர் கிடையாது. மேல்கரை நாட்டோடு தண்ணீர்த் தகராறு வந்தபோது, முன்னோர் கூடிப் பேசி, இனிக் கால்பந்து ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். நெடுவயல் வாங்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு மதகு மேல்கரைக்குப் போய்விடும். போன மதகு திரும்பாது. மேல்கரையில் சமதரை இல்லாததால் ஆட்டம் எப்போதும் நெடுவயல் மைதானத்தில்தான். இன்னொரு விதியும் இருந்தது. விருந்தாளி அணி தானாக வெளியேறும்வரை ஆட்டம் முடியாது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நிற்கிற அவர்களைப் போகச் சொல்ல மன்னருக்கும் அதிகாரமில்லை. இதனால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை. வெறும் புல்லில் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கோட்டைப் போடுகிறவள் மாடத்தி. தெற்குக் கோல் கம்பத்துக்கு முந்நூறு தப்படி பின்னால் அவள் வீடு. வாசலில் ஒரு முருங்கை. கொல்லையில் அரைக் காணி நெல். அதற்கப்பால் எட்டாம் மதகும் ஒன்பதாம் மதகும்.

ஒரு பருவத்தில் ஏழு கோல் விழுந்தது. முந்தைய பருவங்களில் போனவற்றையும் கழித்தால், நாட்டுக்கு மிச்சம் அந்த இரண்டு மதகுகள்தாம்.

அடுத்த பருவத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. தற்காப்பைச் சீரமைக்க அரண்மனையில் சபை கூடியது. மைதானத்தின் அளவைக் கேட்பதற்காக மாடத்தியையும் வரச்சொல்லி, வாசற்படியருகே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பயிற்சியாளர் தொம்மை எழுந்தார். "ஐயா, பின்வரிசைக்கு ஓடத் தெரிஞ்ச ரெண்டு ஆளு குடுங்க. பழைய நாலு பேரையும் அவங்களோட அஞ்சு மாசம் ஒண்ணாப் பழக விடுங்க. ஒருத்தன் முன்னால போனா இன்னொருத்தன் பின்னால நிக்கணும். அவ்வளவுதான் தற்காப்பு."

தற்காப்பு அமைச்சர் செண்பகராயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏழு கோல்கள் விழுந்தபோதும் சம்பவ இடத்தில் இருந்தவர்கள் யார்?"

"அந்த நாலு பேருதான்."

"ஏழு முறையுமா?"

"தடுக்கிறவன் அங்கதானய்யா நிக்கணும்?"

"ஏழு முறையும் சம்பவ இடத்தில் இருந்தவர்களை மறுபடியும் அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். எழுதிக்கொள்ளுங்கள்."

நால்வரும் நீக்கப்பட்டார்கள். அரண்மனை வாசலில் வாழ்த்துப் பாடுகிற நால்வர் அவர்கள் இடத்தில் நியமிக்கப்பட்டார்கள். விசுவாசத்தில் அவர்களை மிஞ்ச நாட்டில் ஆள் இல்லை. முதல் நாள் பயிற்சியிலேயே சிக்கல். மன்னர் அமரும் மேடை தெற்கே. பந்து வருவது வடக்கிலிருந்து.

"பந்தப் பாத்து நில்லுங்கப்பா!" என்று தொம்மை கத்தினார்.

"மன்னருக்கு முதுகு காட்டுவதா? உமக்கு வேண்டுமானால் அந்தப் பழக்கம் இருக்கலாம்" என்றான் அவர்களில் மூத்தவன்.

அமைச்சர் யோசித்தார். நால்வரைத் திருப்ப முடியாது. ஆகவே கம்பத்தை நகர்த்துவது என்று ஆணை வந்தது. மாதம் நூறு தப்படி, தெற்கே.

"மைதானம் நீண்டா நாம காக்க வேண்டிய இடந்தானய்யா கூடும்?" என்றார் தொம்மை.

"எதிரிக்கு மூச்சு வாங்கும்."

மறுநாள் தொம்மை பந்துக்குக் காற்றடிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

மூன்றாம் மாதம் கோடு மாடத்தியின் வாசலைத் தொட்டது. நான்காம் மாத ஆணை வந்தபோது, அவள் சுண்ணாம்புக் கூடையோடு முருங்கையடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு கோட்டைப் போட்டாள். செண்பகராயர் பார்வையிட வந்தார்.

"கோடு இங்கே ஏன் வளைகிறது?"

"சுண்ணாம்பு கட்டிபட்டுப் போச்சுய்யா."

"கட்டிபட்டால் கோடு ஒரு வீட்டையும் வயலையும் சுற்றிக்கொண்டு போகுமா?"

மாடத்தி கூடையைக் கீழே வைத்தாள். "என் வீடுய்யா. நெல்லு பால் பிடிச்சு நிக்கி. ஒரு மாசம் பொறுத்தீயன்னா அறுத்துருவேன்."

"உன் நெல்லுக்காகத்தானம்மா நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம். கம்பம் எவ்வளவு பின்னால் போகிறதோ, அவ்வளவு பத்திரம் உன் மதகு."

"இப்பிடியே போனா மதகே கோட்டுக்குள்ள வந்துருமேய்யா."

"வரட்டும். மைதானத்தின் பாதுகாப்பில் வருகிறது."

வளைந்த கோட்டை அவளே காலால் அழித்து, நேராகப் போட்டாள். வீட்டைப் பிரித்தார்கள். நெல்லின் மேல் உருளை ஓடியது. முருங்கையை மட்டும், நடுவருக்கு நிழல் வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். ஐந்தாம் மாதம் இரண்டு மதகுகளும் கோட்டுக்கு உள்ளே வந்தன. வீடு போய், கோட்டுக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்ட நாற்பது குடும்பங்களில் மாடத்தியுடையதும் ஒன்று.

பருவத்தின் முதல் ஆட்டம். மேல்கரையார் பதினோரு பேர் பந்தோடு வந்தார்கள். மன்னரைப் பார்த்துக் கைகூப்பி நின்ற நால்வரையும் தாண்டி வந்தார்கள். ஒன்பதாம் மதகருகே வந்ததும் அவர்கள் தலைவன் பந்தை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தான். மற்றவர்கள் இரண்டு மதகுகளையும் தங்கள் வாய்க்கால் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. அவர்கள் போகவில்லை. விதிப்படி, போகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

நாற்பதாம் நாள் தலைநகரில் வெற்றி விழா எடுத்தார்கள். நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு கோலும் விழவில்லை. செண்பகராயருக்குப் பொன்னாடை. வாழ்த்துப் பாட நால்வரும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தார்கள்.

அன்று காலை மாடத்தி குடத்தோடு கோட்டருகே போய் நின்றாள். முருங்கையடியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மேல்கரைத் தலைவன் எழுந்து வந்தான்.

"குடத்தக் குடுங்கம்மா, நான் மொண்டு தாரேன். நீங்க மட்டும் உள்ள வந்துராதீங்க. விதி இருக்குல்லா."

"நீ ஏம்ப்பா கோல் போடல?"

"கம்பத்துக்கு இன்னும் அம்பது தப்படி போகணும்மா." அவன் சிரித்தான், கேலியாக அல்ல. "அதுவரைக்கும் எதுக்கு ஓடணும்? இங்கயே நல்லாத்தான இருக்கு. காய் ரொம்ப ருசி. யாரு வச்ச மரம்?"

நிறைகுடத்தை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள். உள்ளே அடுப்பில் ஏற்ற அரிசி களைந்து வைத்திருந்தது. வாசலில் அரண்மனைச் சேவகன் காத்திருந்தான்.

"அடுத்த பருவத்துக்கு இன்னும் ஐந்நூறு தப்படி. சாயங்காலத்துக்குள்ள கோடு போட்டாகணுமாம். விழாவுல அறிவிச்சாச்சு."

"ஐந்நூறுன்னா இந்தக் கொட்டகையெல்லாம் உள்ள வந்துருமேய்யா."

"அதனால என்னம்மா? கோல் விழுந்துச்சா?"

"விழலைய்யா."

"பொறவு?"

தூரத்தில் மேளம் கேட்டது. மாடத்தி குடத்தைப் பார்த்தாள், அரிசியைப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கூடையடியில் இருந்த தொட்டியில் ஊற்றி, சுண்ணாம்பைக் கரைக்கத் தொடங்கினாள்.