வசீகரனின் பெண்கள் பட்ஜெட்

சவர்க்காரத்தைப் பெண்கள் பக்கம் எழுதுவதா, ஆண்கள் பக்கம் எழுதுவதா என்று வசீகரன் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். பஸ் டீசலை யோசிக்காமல் ஆண்கள் பக்கம் போட்டாயிற்று. விளக்குமாறும் தரை துடைக்கும் மெஷினும் தாமாகவே பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. சவர்க்காரம்தான் நடுவில் நின்று வழுக்கியது.

வளைகுடா நாடொன்றில், அல் கூஸில் இருக்கிற ஒரு துப்புரவுக் கம்பெனியின் பட்ஜெட் பிரிவில் அவன் உதவி அலுவலர். ஊர் சாவகச்சேரி. கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கிற பெரிய கட்டட நிறுவனம் இந்த வருஷம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. எண்ணெய் ஒன்றே காலமெல்லாம் சோறு போடாது, வேறு தொழில்கள் வளர வேண்டும், அவற்றுக்குப் பெண்களும் வேலைக்கு வர வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற நேரம். ஆகவே, செலவழிக்கிற காசில் பெண்களுக்கு என்ன நன்மை என்று பட்ஜெட்டில் தனியாகக் காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும்.

அந்தப் பட்ஜெட்டைத் தயாரிக்கும் பொறுப்பு வசீகரன் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தவறு, அவன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். நன்றாகச் செய்தால் பதவி உயர்வு. பதவி உயர்ந்தால் கம்பெனி கொடுக்கும் குடும்ப வீடு. வீடு கிடைத்தால் கஜந்தினி வந்துவிடுவாள். கலியாணமான அடுத்த மாதமே விமானம் ஏறியவனுக்கு வேறென்ன வேண்டும்? பெண்களுக்கான பட்ஜெட் என்று யார் சொன்னாலும் அவனுக்கு ஒரேயொரு பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

அவளே போனில் வந்தாள்.

"என்னப்பா, வீடு சரிவந்திட்டுதோ?"

"கொஞ்சம் பொறும். பொம்பிளையளுக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறன்."

"எந்தப் பொம்பிளையளுக்கு?"

"கம்பெனிப் பொம்பிளையளுக்கு."

"முதல்ல கட்டினவளுக்குச் செய்யுங்கோ," என்று சொல்லிக் கஜந்தினி போனை வைத்துவிட்டாள்.

சவர்க்காரத்தைப் பெண்கள் பக்கமே எழுதிக்கொண்டு அவன் நிதி மேலாளர் நஜீஹாவின் அறைக்குள் போனான். நஜீஹா கல்முனைக்காரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் அலுவலகமே அடங்கிவிடும். இப்போது இறக்கினாள்.

"ஏன் வசீகரன், நம்மட ஆம்புளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுறல்லையா?"

"கழுவுறவை மேடம்."

"பின்னே? பேரை ரெண்டாப் பிரிக்கிறதுக்குப் பேர் பட்ஜெட் இல்லை. இந்தக் காசால அந்தப் பொம்புளைகள்ற நாள் எப்பிடி மாறுது, அதைத்தான் அவங்க கேக்காங்க. நேரில போய்ப் பாருங்க."

வசீகரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அரைவாசி விளங்கியதும் ஓடத் தொடங்குவது அவன் சுபாவம். நேரில் போகச் சொன்னதை மறந்துவிட்டு, பெண் தொழிலாளர்களின் சூப்பர்வைசர் பூவாயியைத் தன் மேசைக்கு வரச் சொன்னான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"உங்களுக்கு என்ன குறை, சொல்லுங்கோ."

"பஸ்ஸுதான் சார். ஆம்பளைங்கள எல்லா சைட்லயும் எறக்கிட்டு எங்கள கடைசியாத்தான் எறக்குறாங்க. அதுக்காகவே விடியமுன்ன எந்திரிக்கணும்."

"இனிமேல் உங்களுக்குத் தனி பஸ்," என்றான் வசீகரன். சொல்லும்போதே அவனுக்குப் புல்லரித்தது.

டிரைவர் பாண்டித்துரைக்குப் புல்லரிக்கவில்லை. அவர் பரமக்குடிக்காரர்.

"சார், இருக்கறதே ரெண்டு வண்டி. ஒண்ண லேடீஸுக்குன்னு ஒதுக்கிட்டா, நைட் டூட்டி ஆளுங்க எதுல வருவாங்க?"

"மற்ற வண்டி ரெண்டு தரம் ஓடட்டும்."

"லேடீஸ் வண்டி சும்மாதான நிக்கும். போற வழியில நாலு பேர ஏத்திக்கிறேனே."

"வேண்டாம், வேண்டாம். அது பெண்கள் பக்கத்தில எழுதின வண்டி. ஒரு ஆம்பிளை ஏறினாலும் கணக்குப் பிழைச்சுப் போம்."

பாண்டித்துரை வண்டிச் சாவியைத் தூக்கிக் காட்டினார். "அப்ப நான் ஏறலாமா சார்?"

"நீங்கள் ஏறலாம்," என்று வசீகரன் பெருந்தன்மையாக அனுமதித்தான்.

இரண்டாம் நடையில் வந்த நைட் டூட்டிக்காரர்கள் நேரம் கழித்து வந்தார்கள். அவர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை பெண்கள் சைட்டை விட்டு நகர முடியாது. வாசலில் தனி பஸ் ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்க, உள்ளே பெண்கள் கால் கடுக்க நின்றார்கள்.

"பஸ்ஸு நல்ல சொகுசு சார்," என்றாள் பூவாயி. "ஏறத்தான் விடமாட்டேங்குறாங்க."

வசீகரன் சளைக்கவில்லை. நிற்பதுதானே பிரச்சினை, உட்கார வைத்துவிட்டால் போயிற்று. சைட்டில் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஓய்வறையாக்கினான். சோபா வந்தது. ஆளுயரக் கண்ணாடி வந்தது. பெண்கள் என்றால் ரோஸ் நிறம்தானே என்று ரோஸ் திரையும் தொங்கியது. படம் எடுத்து நஜீஹாவுக்கு அனுப்பினான். ஒப்பந்தம் கொடுத்த நிறுவனத்துக்கும் அனுப்பினான். கஜந்தினிக்கும் அனுப்பினான்.

"இதுதானோ எங்கட வீடு?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள்.

ஸ்டோரில் கிடந்த சாமான்கள் எங்கே போகும் என்பதை அவன் யோசிக்கவேயில்லை. ஸ்டோர்கீப்பர் பன்னீர்செல்வம் எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்கிற மனிதர். பட்ஜெட்டைத் திறந்து பார்த்தார். விளக்குமாறு, வாளி, மெஷின் எல்லாம் பெண்கள் பக்கத்தில் இருந்தன. அள்ளிக்கொண்டுபோய்த் தொழிலாளர் கேம்பில் பெண்கள் தூங்குகிற அறைகளில் இறக்கிவிட்டார்.

மறுநாள் பூவாயி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், கட்டில் பக்கத்துலயே அந்த பேட்டரி மெஷின் நிக்குது. நம்ம ராதா தூக்கத்துல கால நீட்டி சுவிட்ச்ச அமுக்கிட்டா. அது பாட்டுக்கு ரூம்பு பூரா சுத்தி, எல்லார் செருப்பையும் கழுவிட்டு வந்திருச்சு."

"ஆருக்கும் காயமில்லைத்தானே?"

"காயமில்ல. ஆனா ஒருத்தியும் கண்ண மூடல சார். பஸ்ஸ குடுத்து நிக்க வச்சீங்க, சோபாவ குடுத்து தூக்கத்த பறிச்சீங்க. இன்னொரு நல்லது செஞ்சீங்கன்னா நாங்க ஊருக்கே போயிருவோம்."

ஒப்பந்தம் கொடுத்தவர்கள் அந்த வாரமே பெண்களை நேரில் கேட்டு விசாரிக்க வரப்போகிறார்கள். இவள் இப்படி வாயைத் திறந்தால் பதவியும் போச்சு, வீடும் போச்சு, கஜந்தினியின் முகத்தில் விழிக்கவும் முடியாது. பைத்தியம் பிடித்தவன்போல் வசீகரன் கம்ப்யூட்டரைத் தட்டினான். கம்பெனியின் பழைய கட்டடம் ஒன்றில் மூன்று படுக்கையறை வீடு ஆளில்லாமல் கிடந்தது. அதுவும் சைட்டிலிருந்து நடக்கிற தூரம். அவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். பெண்களை அங்கே குடிவைத்தால் பஸ்ஸே வேண்டாம். பஸ் ஆண்களுக்குத் திரும்பும், நைட் டூட்டி நேரத்துக்கு வரும், பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று அவனால் எண்ணக்கூட முடியவில்லை.

பூவாயி மட்டும் எச்சரிக்கையாக இருந்தாள்.

"ஆம்பளைங்க யாரும் உள்ள வரப்படாது சார். செக்கிங்கு, ரிப்பேரு, ஆபீசருன்னு ஒவ்வொருத்தனா வந்து எட்டிப் பாப்பானுங்க. எழுதிக் குடுத்தாத்தான் போவோம்."

"எழுதிப்போட்டால் போச்சு."

எழுதுவதென்று வந்துவிட்டால் வசீகரன் கஞ்சனல்ல. கம்பெனியைச் சேர்ந்த எந்த ஆணும், எப்பதவியில் இருப்பினும், எக்காரணம் கொண்டும் படியேறக் கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிக் கையெழுத்திட்டு, கட்டடத்துக்கு அனுப்பிவைத்தான்.

"நேரில போய்ப் பாத்தீங்களா?" என்று நஜீஹா கேட்டாள்.

"நான் எப்பிடி மேடம் போறது? நானும் ஆம்பிளைதானே."

நஜீஹா முதல் தடவையாகச் சிரித்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் பெண்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். விடிந்த பிறகு எழும்புகிறோம், நடந்தே வேலைக்கு வருகிறோம், கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றார்கள். பூவாயி ஒருபடி மேலே போய், "எங்க வசீகரன் சாருக்கு கோயில்தான் கட்டணும்," என்று சொல்லிவிட்டாள். ஒப்பந்தம் நீண்டது. இப்படியொரு பட்ஜெட்டை எல்லாக் கம்பெனிகளும் பின்பற்ற வேண்டும் என்று பாராட்டு வந்தது. கேக் வெட்டினார்கள். நஜீஹா தன் கையாலேயே பதவி உயர்வுக் கடிதத்தைக் கொடுத்தாள்.

"குடும்ப வீடு சத்வாவில," என்றாள். "சாவியைக் கட்டட வாட்ச்மேனிட்ட வாங்கிக்கோங்க. மனைவி வந்ததும் சொல்லுங்க, நான் பிரியாணி கொண்டு வாறன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கஜந்தினியோடு சேர்ந்து முதன்முதலாகக் கதவைத் திறப்பதில்தானே சந்தோஷம் இருக்கிறது.

விமான நிலையத்தில் கஜந்தினி மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் மணக்கிற பெட்டிகளோடு வெளியே வந்தாள். அழுதாள். சிரித்தாள். டாக்சியில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை.

"குசினியில சமைக்கேக்க காத்து வருமோ?"

"எல்லாம் வரும்."

"பக்கத்தில தமிழ்ச் சனம் இருக்கோ?"

"இது சத்வா. தேவையான மட்டும் இருக்கு."

தையல் கடைகளைத் தாண்டிப் பழைய கட்டடம் ஒன்றின் முன்னால் டாக்சி நின்றது. வாட்ச்மேன் ஓடிவந்தார். சட்டையில் வீரபாண்டி என்று பெயர் குத்தியிருந்தது.

"புது ஆபீசர் குடும்பமா சார்? வாங்க வாங்க. மூணாவது மாடி. உங்கள மாதிரி ஆபீசருக்குன்னே ரொம்ப நாளா சும்மா போட்டு வச்சிருந்த வீடு. வாங்கம்மா."

கஜந்தினி பூரிப்போடு மேலே பார்த்தாள். வசீகரனும் பார்த்தான். பால்கனியில் கம்பெனிப் பெண்களின் பச்சைச் சீருடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

வீரபாண்டி கஜந்தினியின் பெட்டிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் படிக்கட்டு அருகில் வைத்தார். வசீகரன் கேம்பிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியை நடைபாதையிலேயே விட்டார்.

"ஏன், என்ர பெட்டி?" என்றான் வசீகரன், ஈனக் குரலில்.

"அம்மா தாராளமா மேல போகலாம் சார், அவங்களுக்கு ஒரு கட்டில் காலியா இருக்கு. ஆம்பளைங்க யாரும் படியேறக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல யாரோ வசீகரன்னு ஒருத்தர் மூணு பாஷையில ஆர்டர் போட்டிருக்காரு, அந்த ஆள பிடிச்சு சரிக்கட்டிட்டு வாங்க."