கர்னல் அடிக்காத சல்யூட்

நாட்டின் எல்லைகூட என்றாவது கண் அசரலாம். பெரம்பலூரில் எங்கள் கல்லூரி கேட் அசராது. அங்கே கர்னல் நிற்கிறார்.

பட்டாளத்தில் அவர் ஹவில்தார்தான். கர்னலாக்கியது மாணவர்கள். குரும்பலூர்க்காரர். மாற்று ஆள் வராமல் டீ குடிக்கக்கூட நகர மாட்டார். அடையாள அட்டை இல்லையென்று எங்கள் முதல்வரையே திருப்பி அனுப்பியவர். பாவம், அவரும் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

காவலாளிகளுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர் உடையார்பாளையத்துக்காரர். அவரும் பட்டாளம்தான், ஆனால் நாயக்; ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. தனக்குக் கீழே இருக்க வேண்டியவன் தனக்கே உத்தரவு போடுவதா? கர்னல் சல்யூட் அடிக்க மறுத்தார். பேச்சுவார்த்தையும் கிடையாது. கேட் அருகே வண்டி நிறுத்தும் கணக்கு வாத்தியாரான நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"சார், பஸ்ஸ முதல்ல விடச் சொல்லுங்க அந்த ஆள்கிட்ட."

"நாயக் சொன்னா கேக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க சார், கேக்குறேன்."

மூவரும் கை தொடும் தூரத்தில்தான் நிற்போம்.

ஒருநாள் காலை சூப்பர்வைசர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். கர்னலின் முகம் வெளுத்தது. கேட்டை விட்டுவிட்டு அவரிடம் ஓடுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "சார், கேட் உங்க சார்ஜ். நேரா நில்லுங்க!" என்றார். நான் விறைத்து நின்ற பிறகுதான் சூப்பர்வைசரைத் தோளில் தூக்கிக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

வகுப்புகளை விட்டுவிட்டு நின்றேன். பையன்கள் சிரித்தார்கள். நகரத் தோன்றவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவர், "பொழச்சுட்டான் சார்" என்றார். "இனி நீங்க போலாம்."

சூப்பர்வைசர் ஓய்வில் இருந்த மாதங்களில், தினமும் காலையில் அந்தக் காலி நாற்காலிக்கு ஒரு சல்யூட் விழுந்தது.

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"பதவிக்கு சார். ஆளுக்கு இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் திரும்பி வந்த அன்று கேட்டில் கூட்டம். மெலிந்த உடம்போடு வந்து அமர்ந்தார். கர்னல் ஏற இறங்கப் பார்த்தார். கை உயரவில்லை.

"சார், நான் வந்துட்டேன்னு சொல்லுங்க அந்த ஆள்கிட்ட."

சொன்னேன்.

"தெரியுதுன்னு சொல்லுங்க. வெயில்ல உக்காரக் கூடாதுன்னும் சொல்லுங்க."

நாற்காலி சல்யூட்டைப் பற்றி நாங்கள் யாரும் இதுவரை சூப்பர்வைசரிடம் மூச்சு விடவில்லை. இரண்டு பேரும் இப்படியே சண்டை போட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்கட்டும். நடுவில் நின்று சொல்ல நான் இருக்கிறேன்.