மாதா காலடியில் வெள்ளை மாத்திரை

அரசாங்கத்துக்குச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுக்கப் போகிறேன் என்று மார்தட்டிக் கிளம்புகிறவன், முதலில் தன் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், ரப்பர் விலையும் ஈய விலையும் போட்டி போட்டுக்கொண்டு விழுந்த காலம் அது. கெடா மாநிலத்தில், லூனாஸ் பக்கம் ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மீசை கூட ஒழுங்காக வளராத வயது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: மருந்துச் செலவைக் குறை. விலை கூடிய கம்பெனி மாத்திரை இனி கிடையாது. அதே மருந்து மலிவு விலையில் தகர டின்னில் வரும். இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துவந்த அழகான ரோஸ் மாத்திரை போய், சட்டைப் பித்தான் போல ஒரு வெள்ளை மாத்திரை வந்தது. சர்க்கரை வியாதிக்கான இனிப்புநீர் மாத்திரையும் அதே வெள்ளை, அதே அளவு, அதே மாதிரி டின். ஒரே வித்தியாசம், கொதிப்பு மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கும்.

உத்தரவை நானே எழுதியது போல எனக்குப் பெருமை. (மிச்சமாகிற பணத்தில் எனக்குக் கமிஷன் வரப்போகிற மாதிரி!)

ஒரு வியாழக்கிழமை. கெடாவில் வெள்ளிதான் ஓய்வு நாள், அதனால் வியாழன் அரைநாள் வேலை. வெள்ளை மாத்திரை வாங்கவேண்டிய முதல் ஆள், அன்றைய கடைசி ஆளாக ஜன்னலில் வந்து நின்றார். சவரிமுத்து அண்ணன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. பால்வெட்டுக்காரர்களை அதட்டி அதட்டியே கொதிப்பை வளர்த்துக்கொண்டவர்.

"என்னா தம்பி இது? என் மாத்திரை எங்க?"

"இதுதாண்ணே. அதே மருந்துதான். கலர்தான் வேற."

"சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு!"

"கலருக்கெல்லாம் கவர்மெண்டு காசு கொடுக்க முடியாதுண்ணே. வயித்துக்குள்ள போனா கலரை யாரு பாக்கப் போறா?"

அவர் முறைத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். ஒரு நாட்டையே காப்பாற்றிய திருப்தியோடு நான் மேசையைத் துடைக்கத் திரும்பினேன். திறந்து கிடந்தது ஒரு டின். இனிப்புநீர் டின்.

கொதிப்பு டின் மூடியபடி அலமாரியில் சமர்த்தாக இருந்தது.

சவரிமுத்து அண்ணனுக்கு இனிப்புநீர் கிடையாது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் இரத்தத்தில் இனிப்பு இறங்கி மயங்கி விழுவார். யாரும் கவனிக்காவிட்டால் எழுந்திருக்கவே மாட்டார். டாக்டர் கூலிம் டவுனுக்குக் கிளம்பிவிட்டார். கூட வேலை பார்த்த ரொக்கியா அக்காவும் வீட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆபிசுக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

மோட்டாரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் அண்ணனை அடக்கம் செய்துகொண்டே போனேன். போலீஸ் வந்தது, கோர்ட் வந்தது, ஜெயிலில் எனக்குக் களி கூட வந்துவிட்டது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தபோது, இதில் மோதினால் எல்லாப் பிரச்சனையும் தீரும் என்று கூடத் தோன்றியது. (லாரிக்காரன் என்ன பாவம் செய்தான் என்று ஒதுங்கினேன்.) தோட்டத்து நுழைவாயிலில் வண்டி இருமி, விக்கி, நின்றது. பெட்ரோல் இல்லை. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, செம்மண் பாதையில் ஓட ஆரம்பித்தேன். ஒரு சிலிப்பர் சாலையிலேயே தங்கிவிட்டது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில், தன் வீட்டு வாசலில், சாய்வு நாற்காலியில் அவர் கிடந்தார். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே!"

நான் போட்ட கத்தலில் அவர் நாற்காலியோடு சரிந்து எழுந்தார். "எவன்டா அவன், சோறு தின்னுட்டுக் கண்ணசர விடாம?"

உயிரோடு இருக்கிறார்! "மாத்திரை போட்டீங்களாண்ணே?"

"எது, உன் சுண்ணாம்பா? மாதாகிட்ட இருக்கு."

அவர் மனைவி லூர்து அக்கா வெளியே வந்தார். "எங்க வீட்ல புது மருந்து எது வந்தாலும் ஒரு ராத்திரி மாதா காலடியில இருக்கணும் தம்பி. நாளைக்குத்தான் போடுவாரு."

எனக்கு அந்த மாதாவின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை.

"அத கொஞ்சம் எடுத்துக் கொடுங்கக்கா. சும்மா, பாத்துட்டுத் தரேன்."

சவரிமுத்து அண்ணனின் கண் சுருங்கியது. "அதே மருந்துன்னு சொன்ன. அப்புறம் எதுக்குத் திரும்பக் கேக்குற?"

"இல்லண்ணே, அது வந்து..."

அவர் லயத்தைப் பார்த்துக் குரல் எழுப்பினார். "கேட்டீங்களாடா! ரோஸ் மாத்திரையப் பிடுங்கினானுங்க. இப்ப கொடுத்த வெள்ளையையும் பிடுங்கிட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கானுங்க!"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"செலவைக் குறைக்கிறாங்களாம் லா!"

"இப்படியே போனா, போட்ட ஊசியையும் உறிஞ்சி எடுத்துக்குவானுங்க!"

"தம்பி, போன மாசம் எனக்கு இருமல் தண்ணி கொடுத்த. குடிச்சிட்டேன். எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

சுற்றி நின்றுகொண்டார்கள். இனி வேறு வழியில்லை. "மாத்திரை மாறிப்போச்சோன்னு பயமா இருக்கு! அது இனிப்புநீர் மாத்திரையா இருந்தா, சாப்பிட்டா ஆபத்து!" என்று கத்தினேன்.

லூர்து அக்கா உள்ளே ஓடிப் போய், பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்த அவசரத்தில், மாத்திரை குதித்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு மாத்திரையை வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

நடுவில் கோடு இருந்தது. அடுத்ததிலும். எல்லாவற்றிலும்.

"சரியான மாத்திரைதாண்ணே" என்றேன். அதோடு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது லூர்து அக்கா இனிப்பான காப்பியை என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே சவரிமுத்து அண்ணன் முகம். "மாத்திரை எங்கிட்ட, இனிப்பு இறங்கினது இவனுக்கு!"

சனிக்கிழமை வேலைக்குப் போனதும் ரொக்கியா அக்காவிடம் விசாரித்தேன். நான் ஜன்னலில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது கொதிப்பு டின்னை மூடி அலமாரியில் வைத்ததும், இனிப்புநீர் டின்னில் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்த்து அப்படியே விட்டதும் அவர்தானாம். "ஏன், என்ன ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அதன்பிறகு அந்தத் தோட்டத்துக்காரர்கள் வெள்ளை மாத்திரை வாங்கும்போது, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டச் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு மருந்து கொடுத்து முடிப்பதற்குள் வரிசை ரோட்டுக்குப் போய்விடும். அரசாங்கம் மாத்திரையில் மிச்சம் பிடித்ததை நான் நேரத்தில் செலவழித்தேன்.

சவரிமுத்து அண்ணன் அந்த வெள்ளை மாத்திரையையே பல வருஷம் சாப்பிட்டார். என் கல்யாணத்துக்கு வந்து, பெண் வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, நான் மயங்கி விழுந்ததை நடித்தே காட்டினார். அன்றிலிருந்து நான் வீட்டுக்கு எதைக் கொண்டுவந்தாலும், மருந்தோ மீனோ, என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "இதை ஒரு ராத்திரி சாமிகிட்ட வைக்கணுமா?"

போன மாதம் எனக்கே கொதிப்பு வந்துவிட்டது. கிளினிக்கில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். தண்ணீர் எடுத்து வருவதற்குள் பொட்டலம் முருகன் படத்துக்கு முன்னால் போயிருந்தது.

"நாளைக்குப் போட்டுக்கலாம் லா, அப்பா" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சரி என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு மாத்திரையை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

கோடு இருந்தது.