ரசத்தில் சர்க்கரை போட்ட மாணவர்

ரசத்தில் சர்க்கரை போடுவது என்பது ஆதிகேசவன் அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. ஆற அமர யோசித்து எடுத்தது. ஒரு கரண்டி போதுமா என்று கூட யோசித்தார். போதாது என்று பட்டது. நாலு கரண்டி போட்டார்.

காரணம் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலையில் காலமெல்லாம் நின்றவர் அவர். மேஜை மேல் தோலை விரிப்பார்கள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். "ரிஜெக்ட்" என்பார். அவ்வளவுதான், அந்தத் தோலின் கதை முடிந்தது. ரிட்டயரான பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சாயங்காலம் பைபாஸ் ஓரத்து டீக்கடை பெஞ்சில் பழைய ஆட்களோடு உட்கார்ந்து கம்பெனியைத் திட்ட வேண்டும்.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டது ஒரு நூலகம். கட்டடமே இல்லாத நூலகம்.

அவர் மனைவி சுந்தரி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர். அவளும் சத்துவாச்சாரி, நெமிலி, விரிஞ்சிபுரம் பக்கத்து டீச்சர்களும் சேர்ந்து இணையத்தில் ஒரு பொது நூலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வளரறி மதிப்பீட்டு நூலகம். பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பார்த்து அங்கேயே சரி செய்வதற்கான கேள்விகள், அட்டைகள், விளையாட்டுகள். ஒருத்தர் ஏற்றுவார், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். மார்க்கு கிடையாது. மார்க்கு இல்லாமல் எதற்குப் பரீட்சை என்று ஆதிகேசவனுக்கு விளங்கவில்லை. அவர் அஞ்சாம் கிளாசில் ஃபெயிலானவர். முறையாக, மார்க்கோடு ஃபெயிலானவர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுந்தரி லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். அடுப்பு ஆதிகேசவன் தலையில் விழுந்தது. "கொஞ்ச நாளைக்குத்தாங்க" என்றாள். பெண்டாட்டி சொல்கிற கொஞ்ச நாளுக்கு எந்தக் காலண்டரிலும் தாள் கிடையாது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு வாஹித் பாஷா ஒரு சேதி கொண்டுவந்தார். டீக்கடையில் ஆதிகேசவன் உட்காரும் மூலையில் இப்போது ரஷீத் அஹமது உட்காருகிறானாம். ரஷீத் சூப்பர்வைசராக இருந்தவன். ஆதிகேசவன் ரிஜெக்ட் பண்ணிய ஒரு ஆட்டுத்தோலை எல்லோர் முன்னாலும் பாஸ் பண்ணியவன். அந்தத் தோலில் தைத்த ஷூ கூட இந்நேரம் எங்கேயோ மக்கி மண்ணாகியிருக்கும். ஆதிகேசவன் மனசில் மட்டும் அது புதுத் தோலாகவே இருந்தது.

அதனால்தான் சர்க்கரை. ரசத்தைக் குடித்ததும் சுந்தரி பொங்கி எழுவாள். சமையலறையை விட்டு வெளியே போகச் சொல்வாள். போய்விடலாம், நேராக டீக்கடைக்கு.

சுந்தரி ரசத்தைக் குடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"சூடா இருக்கு. டம்ளர் பளிச்சுனு இருக்கு."

"ருசி?"

"எங்க டீச்சருங்க முறைங்க இது. ரெண்டு நல்லது சொன்னா ஒரு ஆசை சொல்லணும். அடுத்த தடவை சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டா நல்லாருக்கும்னு ஆசைப்படறேன்."

"திட்டலியா?"

"எதுக்குத் திட்டணும்? முயற்சி பண்ணீங்கல்ல."

லேப்டாப்பில் என்னவோ தட்டினாள்.

மறுநாள் கத்திரிக்காயைக் கரியாக்கினார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுந்தரி புகையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கருகுதுன்னு எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஆரம்பத்துலயே."

"அப்ப இன்னா நினைச்சீங்க?"

"நல்லா கருகட்டும்னு நினைச்சேன்."

"நேர்மையான பதிலுங்க இது. இதைக் கண்டிப்பா ஏத்தணும்."

"எதுல ஏத்தணும்?"

"நூலகத்துலதான். உங்க பேரு போடலைங்க. 'ஒரு மாணவர்'னுதான் போட்டிருக்கேன். எங்க டீச்சருங்க எல்லாம் உங்களைத்தான் படிக்கறாங்க."

அன்று ஃபிரிட்ஜ் மேல் மூன்று அட்டைகள் வந்து ஒட்டிக்கொண்டன. சமைத்து முடித்ததும் அவரே ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். பச்சை என்றால் புரிந்தது. மஞ்சள் என்றால் அரைகுறை. சிவப்பு என்றால் ஒன்றும் புரியவில்லை. ஆதிகேசவன் நாள் தவறாமல் சிவப்பைத் தொட்டார். சுந்தரி பூரித்துப் போனாள். "தெரியலைன்னு தைரியமா சொல்ற பிள்ளைங்க ரொம்ப கம்மிங்க" என்றாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டார்.

"இந்தா சுந்தரி. என்னை ஃபெயில் பண்ணிடு."

"இதுல ஃபெயிலே கிடையாதுங்க."

"ஏன் கிடையாது? நான் ஃபெயில். எனக்கே தெரியுது. மோந்து பாரு, வீட்டுக்கே தெரியுது."

"நீங்க ஃபெயில் இல்ல. இன்னும் வரலை, அவ்ளோதான்."

"எனக்கு வரவே வராது. நான் ரிஜெக்ட் பீசு."

"எங்க கிட்ட ரிஜெக்டே இல்லைங்க."

ரிஜெக்டே இல்லாத கம்பெனி எப்படி உருப்படும் என்று அவர் கேட்டார். சுந்தரி அதையும் தட்டி ஏற்றினாள்.

அடுத்த வாரம் சக மதிப்பீடு என்று ஒன்று வந்தது. கூடப் படிக்கும் பையனே நம் வேலையைப் பார்த்துக் கருத்து சொல்ல வேண்டுமாம். கூடப் படிக்கும் பையனாக வாஹித் பாஷா வந்து உட்கார்ந்தார். பிரியாணியில் ஒரு பட்டை ஜாஸ்தியானாலும் கண்டுபிடிக்கிற நாக்கு அவருக்கு. ஆதிகேசவன் அன்றைக்கு வைத்த கோழிக் குழம்பில் கோழி இருந்தது. குழம்பு எது, அலசின தண்ணீர் எது என்றுதான் தெரியவில்லை.

"எப்டி பாய் இருக்குது?" என்றாள் சுந்தரி.

"ரெண்டு நல்லது சொல்லணுமாம்மா?"

"ஆமா பாய்."

பாஷா சுற்றுமுற்றும் பார்த்தார். "தட்டு நல்லாருக்குது. ஃபேன் காத்து நல்லா வருது."

"இப்ப ஒரு ஆசை சொல்லுங்க."

"தப்பா நினைச்சுக்காதே ஆதி பாய். போன வாரம் ரஷீத் ஊட்ல சாப்ட்டேன். அவனே சமைச்சான். இன்னாவொரு குழம்பு தெரியுமா? அவங்கிட்ட ஒரு நாள் போய்க் கத்துக்கினு வாயேன்."

ஆதிகேசவன் காது மடல் சிவந்தது. தட்டைப் பிடுங்கினார். மார்க்கெட்டுக்குப் போய் வேறு கோழி வாங்கி வந்தார். சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கினார். மிளகையும் தனியாவையும் வறுத்து அம்மியில் அரைத்தார். தேங்காயைக் கடைசியில்தான் விட்டார். பாஷா ஒரு வாய் வைத்தார். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுந்தரி கையை வழித்து நக்கினாள்.

"ரஷீது குழம்பு பெருசா, இது பெருசா?" என்றார் ஆதிகேசவன், மார்பை நிமிர்த்தி.

"ரஷீதாவது ஒண்ணாவது" என்றார் பாஷா.

சுந்தரி எழுந்து போய்ப் பச்சை அட்டையை எடுத்து வந்து அவர் சட்டைப் பையில் செருகினாள். அப்போதுதான் தான் என்ன செய்து தொலைத்தோம் என்று ஆதிகேசவனுக்கு உறைத்தது. ஒரே குழம்பில் ஆயுளுக்கும் அடுப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

இனி நேர்வழி உதவாது. நூலகத்துக்குள்ளேயே புகுந்து அடிக்க வேண்டும். அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று பாஷா காட்டிக்கொடுத்திருந்தார். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜோசுவா, ஆசிரியர், நெமிலி என்று பேர் கொடுத்துச் சேர்ந்தார். கேட்ட வேகத்தில் அனுமதி வந்தது. இவ்வளவு படித்தவர்கள் யார் எவர் என்று கூட விசாரிக்கவில்லையே என்று சிரித்துக்கொண்டார். மெல்லிய குரலில் போனுக்குச் சொன்னார்.

"அந்த மாணவரைப் பற்றி எல்லாம் படித்தேன். அவர் தேறமாட்டார். கோழிக் குழம்பு ஒரு நாள் தப்பித் தவறி வந்தது. அவரை உடனே சமையலறையிலிருந்து வெளியே அனுப்பவும். சாயங்காலக் காற்று அவருக்கு நல்லது."

பதில்கள் வந்து குவிந்தன. பிள்ளையைக் கைவிடாதீர்கள் சார் என்றார் சத்துவாச்சாரி டீச்சர் ஒருவர். உங்கள் வீட்டில் சமைப்பது யார் சார் என்று கேட்டார் விரிஞ்சிபுரம் டீச்சர். கடைசியாக ஒன்று வந்தது. சுந்தரி, ஆம்பூர்.

"ஜோசுவா சார் சொல்வது சரி. எனக்கும் சந்தேகம்தான். அந்தக் குழம்பை அவர் சொந்தமாக வைத்திருக்க மாட்டார். ரஷீத் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் செய்திருப்பார்."

ஆதிகேசவனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. தான் ஜோசுவா என்பது மறந்துபோனது. கழிவறை என்பதும் மறந்துபோனது. போனை வாயருகே வைத்துக்கொண்டு முழங்கினார். வெங்காயம் எந்த நிறத்துக்கு வர வேண்டும், மிளகு வறுபடும்போது எப்படி மணக்க வேண்டும், தேங்காயை முன்னாடியே விட்டால் குழம்பு எப்படித் திரிந்துபோகும், முதல் தடவை செய்த தப்பு எது, அதை எப்படித் திருத்துவது. ஒன்று விடவில்லை. "இது எவனிடமும் கேட்டுச் செய்ததல்ல. ரஷீதுக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாது" என்று முடித்தார்.

கதவைத் திறந்தார். வாசலில் சுந்தரி நின்றுகொண்டிருந்தாள். கையில் லேப்டாப்.

"இன்னா இங்க நிக்கறே?"

"நல்லா வந்திருக்குங்க. தப்பை அவரே கண்டுபிடிச்சு, அவரே திருத்தி, அடுத்தவங்களுக்கும் விளக்கிட்டாரு. இந்த மாதிரி ஒண்ணுக்குத்தான் நாங்க எல்லாம் காத்துக்கினு இருந்தோம். ஏத்திட்டேன்."

"யாரு... ஜோசுவாவா? யாரது?"

"புதுசா சேர்றவங்களுக்கு அனுமதி குடுக்கறதே நான்தாங்க. பேரை மாத்தினீங்க, போன் நம்பரை மாத்தலியே."

ஆதிகேசவன் ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தார். எந்த அட்டையைத் தொடுவது என்று தெரியவில்லை.

"அப்ப நான் டீக்கடைக்குப் போலாமா?"

"சனிக்கிழமை எப்டிங்க போவீங்க? ஆறு டீச்சருங்க வீட்டுக்காரங்களுக்கு நீங்கதானே கிளாஸ் எடுக்கணும். வெங்காயம் ரெண்டு கிலோ உரிச்சு வைங்க, சார்."