பள்ளம் காத்த படலம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் வண்டியை மறுபடியும் கண்டுபிடித்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம்.

அந்த வண்டியை எங்கள் ஊரில் முதன்முதலாக வாங்கிய பெருமை என் அக்காவின் கணவரைச் சேரும். அத்தான் பல் டாக்டர். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் அதை 'மொட்டை' என்றே அழைத்தோம். காரணப் பெயர்தான். ஏசி கிடையாது. பாட்டு கிடையாது. மெத்தை கிடையாது, உட்காரப் பலகை மாதிரி ஒன்று. கூரைக்குத் தார்ப்பாய். இவ்வளவையும் இல்லாமல் செய்வதற்கு நிறையச் செலவாகும் போலிருக்கிறது. இதெல்லாம் இருக்கிற வண்டிகளைவிட விலை அதிகம்.

உள்ளே தரையில் ஓர் ஓட்டை உண்டு, ரப்பர் தக்கையோடு. சேறானால் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவிவிட்டுத் தக்கையைப் பிடுங்கினால் போதும். மலை ஏறும், ஆறு தாண்டும் என்றார்கள். அக்காவுக்கு மட்டும் சந்தேகங்கள் இருந்தன. மகத்தான சிந்தனைகளுக்கு முதல் எதிர்ப்பு வீட்டில்தான் கிளம்பும்.

"வேர்க்குதுங்க. ஏசியப் போடுங்க."

"ஏசி இல்லம்மா. அதான் இதுல விசேஷம்."

"அப்ப ஜன்னலையாவது திறங்க."

"கதவையே கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்திருக்கேன். இன்னும் என்னத்தத் திறக்கிறது?"

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அக்கா சொன்னாள்: "எறங்கி இவ்வளவு நேரமாச்சு. என் உடம்பு இன்னும் ஓடிட்டே இருக்கு."

அத்தான் பெருமையாக என்னைப் பார்த்தார். "பாத்தியா? மத்த வண்டியெல்லாம் எறங்கினதும் மறந்துடும்."

விரைவிலேயே ஊரில் மொட்டைகள் பெருகின. சங்கம் பிறந்தது. அத்தான் தலைவர். எனக்கு வண்டி கிடையாது. ஆனால் அறிக்கை எழுதுவதில் கை தேர்ந்தவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். 'எளிமையே வலிமை' என்பது நான் கொடுத்த முழக்கம்.

சங்கத்துக்கு ஒரே ஒரு குறைதான். ஊரில் எல்லாத் தெருவும் வழவழவென்ற தார் ரோடு. மலை ஏறப் பிறந்த வண்டி வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போய் வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு வேகத்தடை. உறுப்பினர்கள் அதில் ஏறி இறங்கி, திரும்பி வந்து இன்னொரு முறை ஏறி, படமும் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை நாளைக்கு வேகத்தடையில் வீரம் காட்டுவது?

அப்போதுதான் ஊர்க் கோடியில் இருந்த கோழிப்பண்ணைச் சந்து எங்கள் கண்ணில் பட்டது. கல்லும் சேறும் கலந்த நீளமான சந்து. நடுவில், மழை நின்று வெகுநாள் ஆனாலும் தண்ணீர் வற்றாத ஒரு பள்ளம். அத்தான் அதன் கரையில் கண் கலங்கி நின்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சங்கத்தின் வழிபாடு அங்கேதான் நடந்தது.

அந்தச் சந்தின் கடைசியில் முட்டைக்காரம்மா இருந்தார். கோழி வளர்த்து, ஊருக்குள் இருக்கும் பேக்கரிக்கு மூன்று சக்கர வண்டியில் முட்டை கொண்டுபோவது அவர் பிழைப்பு. பள்ளத்தைத் தாண்டுவதற்குள் அட்டைக்கு நாலு உடையும். இன்னொரு தடவை உடைந்து வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று பேக்கரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா நகராட்சிப் படிகளை ஏறி இறங்கித் தேய்த்ததில், படிகள் தேய்ந்தனவோ இல்லையோ, ரோடு போட உத்தரவு வந்துவிட்டது. சந்து முனையில் ஜல்லியும் வந்து குவிந்தது.

சங்கம் ஆடிப்போயிற்று. கிளினிக்கில் அவசரக் கூட்டம். தலைவர் பல் பிடுங்கும் நாற்காலியில் அமர்ந்தார். முக்கியமான வாக்கியம் வரும்போதெல்லாம் மிதியை அழுத்தி ஓர் அடி உயர்ந்தார்.

"இருக்கிறது ஒரே ஒரு பள்ளம்," என்றார், உயர்ந்துகொண்டே. "அதையும் மூடிட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்க பள்ளத்துக்கு எங்க போவாங்க?"

முட்டைக்காரம்மாவும் வந்திருந்தார். பல் வலிக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்தார்.

"டாக்டர் சார், நீங்க ஞாயித்துக்கிழமைதான் வர்றீங்க. எனக்கு தினமும் அந்த வழிதான். முட்டை உடையுது சார்."

"முட்டை உடையிறது ரோட்டோட தப்பில்லம்மா, வண்டியோட தப்பு. நாளைக்கு நம்ம மொட்டைல ஏத்துங்க. நானே பேக்கரி வாசல்ல எறக்கிடறேன்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா ரோட்டப் போட்டுக்குங்க. நாங்க வாயே திறக்க மாட்டோம்."

ஒரு பல் டாக்டர் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது. அந்த அம்மாவும் நம்பிவிட்டார்.

மறுநாள் முட்டை அட்டைகள் ஏற்றப்பட்டன. மொட்டை பள்ளத்தில் இறங்கியது, உறுமியது, துள்ளியது, கரையேறியது. சங்கமே கை தட்டியது. பேக்கரி வாசலில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். முட்டை என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே இல்லை. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார். வேறு ஆளைப் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. சொட்டச் சொட்டக் காலி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நல்லவேளை, அதற்குள் அத்தான் குழாயைக் கேட்டார்.

தண்ணீரை அடித்தோம். தக்கையைப் பிடுங்கினோம். மஞ்சளும் வெள்ளையும் சொட்டு மிச்சமில்லாமல் ஓட்டை வழியே ஓடிப்போயின. இப்படி ஒரு பொறியியல் அற்புதத்தை நான் கண்டதில்லை.

"உடைஞ்சா ரோடு போட்டுக்கலாம்னு சொன்னீங்களே சார்," என்றார் முட்டைக்காரம்மா.

"சோதனை முட்டைக்கு இல்லம்மா, வண்டிக்கு. வண்டி உடைஞ்சுதா?"

'சோதனை முழு வெற்றி' என்று அறிக்கை எழுதினேன்.

இனி நகராட்சிப் பொறியாளரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அவருக்குக் கடைவாய்ப் பல்லில் பாதி வேலை முடிந்து, மீதி வேலை அத்தான் கையில் இருந்தது. வாயில் கருவியை விட்டபடியே அத்தான் கேட்டார்: "பள்ளம் பள்ளமாவே இருக்கட்டும்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆ," என்றார் பொறியாளர்.

அரசாங்க வட்டாரத்தில் இவ்வளவு தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை. உடனே பதிவு செய்தேன்.

வந்த ஜல்லியைத் திருப்பி அனுப்பினால் மக்கள் வரிப்பணம் வீண். ஆகவே ஊர் எல்லையிலிருந்து பள்ளத்தின் விளிம்புவரை அருமையான தார் ரோடு போட்டு, விளிம்பில் வண்டி நிறுத்த இடமும் கட்டிக் கொடுத்தார்கள். ரோடே தேவைப்படாத வண்டிகள் அலுங்காமல் குலுங்காமல் பள்ளத்துக்கு வந்து சேர இதுவே வழி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இயற்கை தொடர்ந்தது. கரையில் நகராட்சி முத்திரையுடன் ஒரு பலகை நட்டோம். வாசகம் அடியேனுடையது:

'இது இயற்கைப் பள்ளம். இதில் எதையும் கொட்டக் கூடாது. இதிலிருந்து எதையும் அகற்றக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

பேக்கரி கைவிட்ட பிறகு முட்டைக்காரம்மா மூன்று சக்கர வண்டியை விற்றுவிட்டார். இப்போது அட்டைகளைத் தலையில் சுமந்து, பள்ளத்தின் ஓரமாகவே நடந்துபோய், தெருத் தெருவாக விற்கிறார். ஒரு முட்டைகூட உடைவதில்லை. எளிமையே வலிமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பள்ளத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நல்ல மழை. புது ரோட்டில் விழுந்த தண்ணீர் அத்தனையும் வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் சேர்ந்திருந்தது. தலைவர் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லோருக்கும் கை காட்டிவிட்டு, மொட்டையை இறக்கினார். மொட்டை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கதவு வீட்டில் இருந்ததால் சேறு தடையின்றி உள்ளே வந்தது. அத்தான் பதறாமல் தக்கையைப் பிடுங்கினார். அடியிலிருந்தும் வந்தது.

"இப்ப வேர்க்கலைங்க," என்றாள் அக்கா.

கரையில் நின்ற மற்ற மொட்டைகள் விழாவுக்காகக் கழுவித் துடைத்து வந்தவை. சேற்றில் இறக்க உறுப்பினர்களுக்கு மனம் வரவில்லை. கயிறோ, அதை மாட்டக் கொக்கியோ ஒரு வண்டியிலும் கிடையாது. ஆடம்பரம் என்று நாங்களே தீர்மானம் போட்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து முட்டைக்காரம்மா தலைச்சுமையோடு ஓரமாக வந்தார். அவருக்குப் பின்னால், சந்தின் அந்தக் கோடியில், பக்கத்து வீட்டு டிராக்டர் ஒன்று சும்மா நின்றது.

"அம்மா," என்றார் அத்தான், இடுப்பளவு சேற்றிலிருந்து, "அந்த டிராக்டரைக் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்கம்மா. இழுத்துப் போட்டுடலாம்."

அந்த அம்மா தலைச்சுமை அசையாமல் மெதுவாகப் பலகைப் பக்கம் திரும்பினார்.

"இதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்."

"அது கல்லு மண்ணுக்கும்மா."

"அப்படித் தனியா ஒண்ணும் போடலையே. தம்பிதான எழுதினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். ஓட்டை உடைசல் இல்லாத வாசகம். எழுதியவனாலேயே தப்பிக்க முடியவில்லை.

"அம்மா, ஆளுங்க உள்ள இருக்கோம்மா," என்றார் அத்தான்.

"நாங்களும் இதுக்குள்ளதான் சார் இருக்கோம்," என்றார் முட்டைக்காரம்மா, புது ரோட்டில் கால் வைத்தபடி. "பழகிடும்."